கோழி வளர்ப்புக் கையேடு, மூன்றாம் பதிப்பு

முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடம்மா. தாள் பறக்கிறது. நான் சொல்வதை நீ நிதானமாக எழுத வேண்டும் அல்லவா.

நூலகத்தில் ‘கோழி வளர்ப்புக் கையேடு’ மூன்று பிரதிகள் இருந்தன, அதில் இரண்டைக் காணவில்லை என்று விசாரிக்க உன்னை அனுப்பியிருக்கிறார்கள். பாவம், இந்த வெயிலில். இரண்டும் என் வீட்டில்தான் இருக்கின்றன. ஒன்று தலையணைக்கு அடியில், இன்னொன்று அடுப்படியில். எந்த அறையில் இருந்தாலும் கைக்கெட்ட வேண்டுமே என்றுதான்.

இருபத்தாறு வருஷமாகப் புத்தகம் கொடுத்து வாங்கும் மேஜை என்னுடையது. ஒரு நாள் அகராதியின் மூன்றாம் தொகுதியைத் தூசி தட்டியபோது ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. சொல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்கள். 47-6-3, 12-20-1 என்று மூன்று மூன்றாக. மறுநாள் வேறொரு சீட்டு, வேறு கையெழுத்து.

ரகசிய எழுத்தைப் பற்றி உனக்கு ஏதும் தெரியாதென்று வைத்துக்கொள்வோம். சுலபமானது, ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அடுத்த எழுத்தை எழுதுவது. எழுத்துக்கு ஓர் எண் வைப்பது அதற்கு மேல். அப்படி எழுதினால் சில எண்கள் திரும்பத் திரும்ப வந்தே தீரும், நாம் சில எழுத்துகளை அடிக்கடி எழுதுகிறோமே. அதை எண்ணிப் பிடித்துவிடலாம். இந்தச் சீட்டுகளில் எதுவும் திரும்ப வரவில்லை. ஆனால் முதல் எண் 112-ஐத் தாண்டவில்லை, இரண்டாவது 28-ஐத் தாண்டவில்லை, மூன்றாவது எட்டோடு நின்றது. பக்கம், வரி, சொல். இரண்டு பேரிடமும் ஒரே புத்தகம் இருந்தால் போதும், உலகத்தில் வேறு யாராலும் படிக்க முடியாது. மேஜையில் உட்கார்ந்திருப்பவளைத் தவிர.

112 பக்கப் புத்தகம் ஒன்றைப் பதினோரு முறை புதுப்பித்துக்கொண்டே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடிகாரம் பழுது பார்ப்பவர்.

“இன்னும் முடிக்கலையா சார்?” என்று கேட்டேன்.

“மெதுவாத்தாங்க படிக்கிறேன். இப்பதான் முட்டைக்கு வந்திருக்கேன்.”

இன்னொருத்தி எதிர்வரிசை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி.

“எத்தனை கோழிம்மா வச்சிருக்கே?”

“ஒண்ணும் இல்லக்கா. யோசிச்சிட்டிருக்கேன்.”

“வருஷம் முழுக்கவா?”

“பெரிய முடிவு இல்லையாக்கா.”

அவளுடைய அண்ணன்தான் எங்கள் தலைமை நூலகர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கூடம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கைக்கு வந்த இரண்டு வரன்களை அவரே தட்டிக் கழித்தவர். இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் அவருக்கு மூன்று வேளையும் யார் ஆக்கிப் போடுவது? அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கடிகாரக்காரரை விட்டால் வேறு யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யாரும் தொடாத புத்தகம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், கோழிப் புத்தகத்தில் காதல் என்ற சொல்லே கிடையாது. அவர் எழுதினார்: “மூன்று நாளாகத் தீவனம் இறங்கவில்லை.” அவள் பதில்: “வெதுவெதுப்பான தண்ணீர் கொடுக்கவும்.” அவர்: “அடைகாக்கிறேன்.” அவள்: “எத்தனை நாள்?” அவர்: “இருபத்தொன்று.” இதை நான் மேஜைக்கடியில் வைத்துப் படித்துவிட்டு, மூக்கைச் சிந்தினேன். எனக்குக் கடிதம் என்று வருவதெல்லாம் மின்கட்டண ரசீதுதான்.

பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்தேன். கடிகாரக்காரர் நல்ல மனிதர், ஆனால் நடை வறட்சி. “உடல்நலம் சீராக உள்ளதா” என்று எழுதியிருந்தார். ஓர் எண்ணை மாற்றினால் அதே வரியில் “இறகு” கிடைக்கிறது. “இறகு சீராக உள்ளதா” என்றால் அவள் முகம் மலராதா? மலர்ந்தது. மேஜையிலிருந்து நானே பார்த்தேன். இப்படி ஆறு மாதம். கடைசியில் சீட்டுக்குப் பாதி என்னுடையதாகவே இருந்தது. நன்றி எதிர்பார்த்துச் செய்யவில்லை.

அப்புறம் அவர் இதை எழுதினார்: “என் கூண்டில் இரண்டுக்கு இடம் இருக்கிறது. சேர்க்கலாமா?”

நீயே சொல்லம்மா. ஒரே வீட்டில் இருப்பவர்கள் அகராதிக்குள் எதற்குச் சீட்டு வைப்பார்கள்?

அந்தச் சமயம் பார்த்து நான்காம் பதிப்பு ஒன்று இலவசமாக வந்தது. அதே பச்சை அட்டை. நோய்கள் பற்றி முன்னால் ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தார்கள், அதனால் பக்கமெல்லாம் தள்ளிப்போயிருந்தது. “உங்க புத்தகம் தையல் விட்டிருக்கு சார், இதை வச்சுக்குங்க” என்று கடிகாரக்காரரிடம் மாற்றிக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “புதுசா இருக்கே, ரொம்ப நன்றிங்க” என்றார்.

இரண்டு நாள் கழித்து அவள் பதில் வைத்தாள்: “சேர்க்கலாம். வியாழன் காலை. கதவைத் திறந்து வைக்கவும்.” ஆறு சொல், ஆறு எண். நான்காம் பதிப்பில் அவை எங்கே போய் விழும் என்று நான் முன்கூட்டியே பார்த்தேனா என்று கேட்கிறாய். பார்த்தேன். “கழிச்சல். உடனே பிரிக்கவும். ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்கவும்.” உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு எண்கள் ஒத்துவரவில்லை, அவற்றை மட்டும் திருத்தினேன். மிச்சம் நான்கும் அவள் கைப்பட எழுதியவை. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு பொறுப்பு அவளுடையது.

வியாழன் காலை அவள் பெட்டியோடு போனாள். கடிகாரக் கடை பூட்டியிருந்தது. அவர் முதல் நாளே வேறு ஊருக்குப் போய்விட்டார், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு. அந்தப் பிரதிக்கு அபராதம் போட வேண்டுமானால் போடுங்கள்.

அவள் திரும்பி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கோழிப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு வைத்தேன்: “இறகு உதிர்க்கும் காலம். பொறுக்கவும்.” உடனே பதில் வந்தது. அன்றிலிருந்து பதினான்கு மாதமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அவர்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

நேற்று “எப்போது?” என்று கேட்டிருக்கிறாள். பதில் எழுதி வைத்திருக்கிறேன், இதோ, இருபத்தொரு நாள் என்று. இன்று முதல் என்னைக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். நீ கீழே போகும்போது அகராதி மூன்றாம் தொகுதியில் இதை வைத்துவிடு, கண்ணு. நான்காக மடித்திருக்கிறேன், பிரித்துப் பார்க்காதே. பிறர் கடிதத்தில் கை வைப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.