சக்கரத்தில் கட்டிய தகரம்

இல்ல சார், அந்தத் தகரத்த மட்டும் கழட்டச் சொல்லாதீங்க. மத்ததெல்லாம் நீங்க சொன்னபடி செஞ்சுட்டேன். லைட்டு மாத்தியாச்சு, கண்ணாடி போட்டாச்சு. நீங்களும் வண்டியச் சோதிக்க மூணாவது தடவ வந்துட்டீங்க, எனக்கும் சலிச்சுப்போச்சு. உக்காருங்க. டீ வருது, கொஞ்சம் நேரமாகும்.

ஆமா, நானே கட்டுன வண்டிதான். கூடு, வெள்ளத்துல முங்கி எஞ்சின் செத்துப்போன பிக்கப்பு. பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு. மோட்டாரு, குடோன்ல மூட்ட தூக்குற வண்டியோடது. பேட்டரி ஒரு ஆபீசுல தூக்கிப் போட்டது, இருபதுல எட்டு தேறுச்சு. கதவு ரெண்டும் ரெண்டு நெறம், பேச்சுவார்த்த இல்லாத அண்ணன் தம்பி மாதிரி நிக்குது பாருங்க. ரெண்டு வருசம் சார். என் தலவலிக்கு ஒரு நாளு தைலம் தேச்சதில்ல, அந்த மோட்டாருக்குத் தெனம் எண்ண போடுறீங்களேன்னு சொல்லுவா வீட்டுக்காரி.

ஓடுனப்போ என்னா பெருமைங்கிறீங்க! துளி சத்தமில்ல. ஓடுதா நிக்குதான்னு தெருவே வந்து கேட்டுச்சு. மோட்டாரோட ஒரு பஸ்சரும் வந்துச்சு, பின்னால போறப்ப கத்துறது. வெல்டிங் வெச்ச மச்சினன், மாமா இதையும் மாட்டிருங்கன்னான். நான்தான், போடா, நம்ம முத்தத்துல யாருக்கு ஊதணும், சத்தமில்லாத வண்டியக் கட்டிட்டு அதுக்கு வாயி வேற வைக்கணுமான்னு அலமாரியில போட்டேன்.

இப்ப மாட்டியிருக்கேன், கேட்டீங்கல்ல. ஆனா அது பின்னால போனாத்தான் கத்தும். தகரம் எந்தப் பக்கம் சுத்துனாலும் கடகடங்கும்.

சட்டத்துல எடமில்ல, புரியுது. உங்க கையெழுத்து இல்லன்னா தண்ணி கேன் ஏத்திக்கிட்டு ரோட்டுல எறங்க முடியாது, அதுவும் புரியுது. அதான் எங்க பொழப்பே. இருந்தாலும் கழட்ட மாட்டேன் சார்.

முன்ன டீசல் வண்டி இருந்துச்சு. அது உறுமுனா வீட்டுக்காரி தானா ஒதுங்கிக்குவா, திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. முப்பது வருசப் பழக்கம். அன்னிக்கு முத்தத்துல துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா. நான் இந்த வண்டிய மெதுவாத்தான் பின்னால எடுத்தேன்.

தகரம் அவ கட்டச் சொன்னது. கம்பிகூட அவதான் முறுக்குனா.

டக்கு டக்குன்னு கேக்குதுல்ல? டீ வந்துருச்சு. எந்திரிக்காதீங்க சார், எதிர்ல போயி வாங்குனா கோவம் வரும் அவளுக்கு. ஒரு கையில கட்டைய ஊனிக்கிட்டு, மறு கையில சிந்தாமக் கொண்டாந்துருவா.