தூக்குக்குண்டு சொன்ன பதில்

— அது என் தூக்குக்குண்டு. சுவர் நேரா நிக்குதான்னு பாக்கறதுக்கு வாங்கினது. அதை வச்சு அம்மாவோட ஆபரேஷனை நிறுத்தியிருக்கே!

— கத்தாதேண்ணா. அம்மா உள்ள படுத்திருக்காங்க. நான் ஒண்ணும் நிறுத்தல. அவங்க கேள்வி கேட்டாங்க, நான் நூலைப் பிடிச்சேன்.

— என்ன கேள்வி?

— நெஞ்சைத் திறந்து வால்வு மாத்திக்கவான்னு. முன்னும் பின்னுமா ஆடினா ஆமா, குறுக்க ஆடினா வேணாம். குறுக்கதான் ஆடுச்சு. நேத்தும் அதே, இன்னிக்கும் அதே.

— டாக்டரைவிட இரும்புக்கட்டி பெருசாப் போச்சா? யாரு சொல்லிக் கொடுத்தா இந்தக் கூத்தை?

— தையல்கடை அக்கா. அவங்க மருமகளுக்கு ஆம்பளைப் புள்ளைதான்னு சரியாச் சொல்லுச்சாம்.

— ரெண்டுல ஒண்ணுதானே பொறக்கும்! அதுக்கு எதுக்குக் குண்டு?

— நான் ஆட்டலண்ணா. அம்மா தலைமேல சத்தியமா.

— அந்தத் தலைக்குத்தான் நீ உலை வைக்கறே. இங்க பாரு, ஜன்னல் கம்பியில கட்டறேன். இப்பக் கேளு. என்ன வேணா கேளு... ஆடுதா?

— இல்ல.

— ஆடாது. நூல்ல கட்டின குண்டு, தள்ளினா ஆடும். இல்லாட்டி தரையைப் பாத்துத் தொங்கும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீ வேணும்னே பண்ணேன்னு சொல்லல. மனசு எதை நினைக்குதோ, விரல் உனக்கே தெரியாம அதைச் செஞ்சுடும். மயிரிழை அசைஞ்சாப் போதும், கீழே குண்டு வீசி ஆடும்.

— அப்போ என் மனசு வேணாம்னு நினைச்சுதா? மூச்சு முட்டினா எழுந்து முதுகு தடவறது நான்! ஆபரேஷனுக்கு அப்புறம் யாரு பாத்துக்கறது? உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?

— அது... வீட்டுல பேசணும்.

— பேசு, நல்லாப் பேசு! உனக்குத்தான் மனசு சுத்தமாச்சே, நீ பிடி பாப்போம்.

— கொடு இப்படி. ஆபரேஷன் பண்ணலாமா? போதுமா? பாத்துக்க.

— ...அண்ணா.

— காத்துடி. ஃபேனை நிறுத்து.

— ஃபேன் ஓடவே இல்ல. குறுக்கதான் ஆடுது.

— அம்மா! நீங்க எப்ப எழுந்து வந்தீங்க?

— நீ கம்பியில கட்டினப்பவே வந்துட்டேன்டா. ரெண்டு நாளா இவ கையைத்தான் பாத்துட்டிருந்தேன். அலுத்துப் போயிட்டா, பாவம். சரி, நீ இருக்கேன்னு நினைச்சேன்.

— அம்மா, அது வெறும் நூலும்மா...

— நூலைக் குறை சொல்லாதே. இப்பதானே அவ்வளவு அழகா விளக்கினே. ஏய், என் செருப்பை எடுத்துப் போடுடி. ஆட்டோவைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்கு. நான் பொழைக்கணும்னு நினைக்கறவ இந்த வீட்டுல ஒருத்திதான் இருக்கா, அவ கிளம்பிட்டா.