நான்கு குரல்களின் பாட்டு

ஒரு குழுவின் சிறந்த பாடல்களைப் பொறுக்கி ஒரே சிடியில் அடக்குவது லேசான வேலை இல்லை, கலீல் பாய். எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்யவே எனக்கு ஒரு ரமலான் மாதம் முழுக்கப் போயிற்று. நான் சொல்வதை அரபியில் விசாரணை அதிகாரிக்கு மொழிபெயர்க்கப் போகிறவர் நீங்கள். தயவுசெய்து இந்த இடத்தைச் சுருக்கிவிடாதீர்கள்.

அறுபதுகளில் அமெரிக்காவின் பழைய நாட்டுப்பாடல்களைத் தூசி தட்டிப் பாடிய நான்கு பேர் அவர்கள். கிதார், பாஞ்சோ, நடுவில் ஒரே மைக். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருவர் தாங்கிக்கொள்வார். எல்லாமே கூலிக்காரர்களைப் பற்றிய பாட்டு. தண்டவாளம் போடுகிறவன், ஜெயிலில் கல் உடைக்கிறவன். எனக்கு இளகிய மனசு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதிருக்கிறேன்.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் லேபர் கேம்ப் என் பொறுப்பில் இருந்தது. நீங்கள் அங்கே வந்ததில்லை. வராண்டாவில் காயும் பனியன்கள், கட்டிலுக்கு அடியில் கருவாடு, வாஷ்பேசினில் அடைத்துக்கொண்ட முடி. யாராவது பேச வந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கை கொடுத்தால் ரூமுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவுவேன். சுத்தமாக வளர்ந்தவனுக்கு அது கஷ்டம்தான்.

அழகுமலை முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், பிளம்பிங் ஹெல்பர். வெள்ளிக்கிழமைகளில் என் காரைக் கழுவுவான். நான் உள்ளே சிடி கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படியே என் சிடியின் முதல் பாட்டைப் பிடித்துக்கொண்டான். ஆங்கிலம் தெரியாது, வாய்க்கு வந்த சத்தத்தைப் போட்டு நிரப்புவான். நான்கு குரலையும் ஒரே ஆளாகப் பாடப் பார்ப்பான். கீச்சென்று மேலே போவான், உடனே தவளை மாதிரி கீழே வருவான். அடுத்தவன் வாயில் போட்டு எடுத்த மிட்டாயை என்னிடம் நீட்டியது போல இருந்தது.

"அதை நீ பாடாதே" என்று நல்லவிதமாகவே சொன்னேன்.

"சரியா வரலையா சார்? இன்னும் பழகிக்கிறேன்" என்று சிரித்தான். அவனுக்குப் புரியவில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை கழிவுத்தொட்டி நிரம்பி வழிந்தது. உறிஞ்ச வந்த டேங்கரின் குழாய் அடைத்துக்கொண்டது. டிரைவர் "மாஃபி, மாஃபி" என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். யாராவது உள்ளே இறங்கி அடைப்பை எடுக்க வேண்டும். கேம்ப்பில் இருந்தவர்கள் பாதிப் பேர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் சைட்டில் ஓவர்டைம். அழகுமலை இருந்தான். ஊருக்குப் போகும் லீவுக்கு என் கையெழுத்து வேண்டியிருந்ததால், இறங்குகிறேன் என்று சொன்னான்.

எங்கள் கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிக்குள் இறங்குகிறவன் பாடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உள்ளே விஷவாயு இருக்கும். பாட்டுக் கேட்கிறவரை அவனுக்கு ஒன்றுமில்லை. பாட்டு நின்றால் மேலே இருப்பவர்கள் இடுப்புக் கயிற்றை இழுத்துவிட வேண்டும். யாரோ சொல்லிக் கொடுத்ததல்ல, ஆட்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட முறை. கயிற்றை நான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னேன்.

தொட்டிக்குள் அழகுமலை எப்போதும் சாமி பாட்டுதான் பாடுவான். அன்றைக்கு இறங்கும்போது நின்று, "உங்களுக்குப் புடிச்சதையே பாடுறேன் சார். நல்லாப் பழகிட்டேன்" என்றான்.

அந்தக் குழிக்குள்ளிருந்து அந்தப் பாட்டு வந்தது. அந்த நாற்றத்தோடு சேர்ந்து வந்தது. இனி ஆயுசுக்கும் அதைக் கேட்கும்போதெல்லாம் இந்த நாற்றம்தான் வரும் என்று நினைத்தேன். கயிறு வேறு ஈரமாக இருந்தது. கீழே போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குரல் இழுத்தது. உச்சியில் ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. பிறகு நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே ஏதோ சரியும் சத்தம் கேட்டது. "சார்" என்று ஒரு தடவை கூப்பிட்டான். நான் முதலில் உணர்ந்தது நிம்மதி. பாட்டை விட்டுவிட்டான் அல்லவா.

இரும்பு மூடியை ஷூவால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்து மூடினேன். அப்புறம் காருக்குப் போய் ஏசியைப் போட்டேன்.

கவனக்குறைவு என்று சொல்லச் சொல்லிக் கம்பெனி வக்கீல் கெஞ்சுகிறார். நான் எதிலும் கவனக்குறைவானவன் இல்லை, பாய். மூடினால் செத்துவிடுவான் என்று தெரிந்தேதான் மூடினேன்.

காரில் உட்கார்ந்து, காதைக் கழுவிக்கொள்ள அந்த முதல் பாட்டை அசல் குரல்களில் போட்டேன். கிணறு தோண்டுகிறவன் மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறான். மேலே நிற்கும் நான்கு பேர், கயிற்றை விடமாட்டோம், விடமாட்டோம் என்று பாடுகிறார்கள். அந்தக் கிணற்றுக்காரனுக்காக அன்றைக்கும் தேம்பித் தேம்பி அழுதேன். இதையும் அதிகாரியிடம் விடாமல் சொல்லுங்கள். என்னை இரக்கமில்லாதவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.