இடது சீட்

“இருநூறு மைல் வேகத்துல ஓட்டுறவன் உன் பேச்சைக் கேட்பானா?”

பர்மாவில், டாலாவிலிருந்து த்வாண்டே போகும் வேனில், ஓட்டுநர் பாங்காக்கிலிருந்து லீவில் வந்த தம் மகளிடம் தமிழில் கேட்டார். நான் பின்சீட்டில் இருந்தேன். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். பழைய ஜப்பான் வேன்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால், எதிரே வருவதை இடது சீட்டில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று அங்கே மகள் உட்கார்ந்திருந்தாள்.

“அதாம்ப்பா எனக்கும் பயம். ரேஸ் கார்ல டயர் மாத்தினேன், பெட்ரோல் ஊத்தினேன், எஞ்சினும் பார்த்தேன். யாரும் குறை சொல்லலை. இப்ப க்ரூ சீஃபா இருன்னு கேக்குறாங்க. எப்ப உள்ள வந்து டயர் மாத்தணும், எப்ப வேகத்தைக் குறைக்கணும்னு ரேடியோவுல டிரைவருக்கு நான் சொல்லணும். இன்னிக்குள்ள பதில் வேணுமாம். முடியாதுன்னு எழுதிடப் போறேன். ஐயோ, இருங்க, பஸ் வருது!”

வேன் முன்னே போன லாரியின் பின்னாலேயே ஒதுங்கியது. பஸ் உரசுவதுபோல் கடந்து போனது.

“எத்தனை வயசுலேருந்து இந்த சீட்ல உக்கார்றே?”

“பத்து.”

“ஒரு தடவையாவது உன் பேச்சை மீறி முந்தியிருக்கேனா? உங்கம்மா சொன்னாக்கூட நான் கேக்க மாட்டேன்.”

மகள் சிரித்துவிட்டாள். “அப்ப சரின்னு எழுதவா?”

“எழுதுங்க, சயாமா,” என்றார் அவர், பெரிய மேடத்திடம் பேசுவதுபோல. “முதல்ல ரோட்டைப் பாருங்க. முந்தலாமா?”

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“இப்ப போங்கப்பா.”