நாக்குக்கு அடியில ஒரு நிமிஷம்

வேணாம்மா, அந்த மாத்திரைய உள்ளயே வைங்க. எனக்குச் சொட்டு மருந்துதான். சி.பி.டி. எண்ணெய், அதான் போதை ஏறாத கஞ்சா எண்ணெய், கண்ணாடிக் குழல் வச்ச பாட்டில். போன மாசம் வரைக்கும் அந்த மேல் தட்டுல இருந்துதே.

நிறுத்திட்டாங்களா? யாரக் கேட்டு?

கடைக்கு நீங்க புதுசு, பாவம். ஃப்ளூரினாவா பேரு? இங்க பாருங்க ஃப்ளூரினா, மாத்திரைய முழுங்கினா வயித்துக்குப் போயி, அங்கேருந்து ஈரலுக்குப் போகும். ஈரல் இருக்கே, அது எல்லைச் சுங்கக்காரன் மாதிரி. முக்காவாசியப் புடுங்கிக்கிட்டுதான் மிச்சத்த ரத்தத்துக்கு விடும். நாக்குக்கு அடியில ஒரு நிமிஷம் விட்டு வச்சா, கொஞ்சமாவது அவன் கண்ணுல படாம உள்ள போயிரும். எங்கப்பா மலையச் சுத்தி இத்தாலிக்குக் காப்பிக்கொட்ட கடத்தினதும் இப்படித்தான்.

கொழுப்போட சாப்பிட்டா மாத்திரையும் நல்லா சேருமா? அது தெரியாதா எனக்கு. எங்க ஆடு ஒண்ணு பக்கத்துக் கஞ்சாத் தோட்டத்துல மேஞ்சுட்டு வந்துச்சு. பால்ல கொழுப்புக்கு என்ன கொறச்சல்? அந்தப் பாலக் குடிச்ச பாதிரியார் ஞாயித்துக்கெழம பிரசங்கத்த, சரி விடுங்கப்பான்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. சிரிக்காதீங்க, ஊரே சாட்சி.

குடலுக்கா? குடலுக்குன்னுதான் வாங்க ஆரம்பிச்சது. எனக்கில்ல, என் சம்சாரம் உர்சினாவுக்கு. சாப்பிட்டா வயித்த முறுக்கும், சுருண்டு படுத்துக்குவா. குடல் வீக்கத்த இது தணிக்கும்னு எலிய வச்சுப் பாத்திருக்காங்க, மனுசனுக்கு இன்னும் உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு டாக்டர். அவளுக்கு என்னமோ கொஞ்சம் அடங்கினாப்பல இருந்துச்சு.

என்னையும் போட்டுக்கச் சொன்னா. எனக்கு வயித்துல ஒரு கோளாறும் இல்ல. நாக்கத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேச முடியாதில்ல, அதான். கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வீட்டுல எனக்குப் பேசக் கெடச்சது இந்த ஒரு நிமிஷம்தான்னுவா. நான் வாய மூடிட்டு நிப்பேன். ஆட்டுக்குக் குளம்பு வெட்டல, கூரைக்கு ஓடு மாத்தலன்னு அவ கொட்டித் தீத்துருவா.

மாத்திரைன்னா மடக்குன்னு எறங்கிடும். உடனே நான் பேச ஆரம்பிச்சிருவேன். பாக்குறீங்களே.

கூட்டிட்டு வர்றதா, அவளையா? அவ எங்கேம்மா வருவா? போன பனிக்காலத்துலேருந்து மேல கோயில் கல்லறைத் தோட்டத்துல படுத்திருக்கா.

ஆனா சொட்டு விட்டு நாக்கத் தூக்கினா அடுப்புக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, முந்தின நாள் விட்ட எடத்துலேருந்து ஆரம்பிக்கிறா. சும்மா வாய மூடியும் பாத்தேன், வரல. நேத்து குழல்ல பாதிதான் வந்துச்சு. பாட்டில் காலி.

கீழ கெடங்குல ஒண்ணாவது கெடக்கும், பாருங்களேன். நேத்து என்னமோ கேக்க வந்தா, பாதியில நிக்குது.