மூணு ஜீப்பு, ஒரு வேன், ஒரு மோப்ப நாய்

– மூணு ஜீப்பு, ஒரு வேன், ஏஞ்சல் மேடம். கீழ்க்கட்டளை ஏரிக்கரை மொத்தமும் காக்கி. மோப்ப நாய் வேற. அந்தக் கூட்டத்துலயே என்னப் பாத்து வாலாட்டுனது அது ஒண்ணுதான்.

– போன வாரம் சொன்னப்ப நாய் இல்லையே சார்.

– இப்பதான் ஞாபகம் வந்துது.

– பக்தவச்சலம் சார், மொதல்ல உக்காருங்க. நீங்க இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்குத் தலை சுத்துது. நாளைக்குத் தாம்பரம் கோர்ட்டுல உங்களக் கூண்டுல ஏத்தி, அரசாங்க வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணப் போறாரு. அங்கயும் இந்த நாயக் கூட்டிட்டு வந்தீங்கன்னா நம்ம கேஸு காலி.

– ஏன் காலி? என்னப் புடிச்சது தப்புதானே? செயின் அறுத்தவன் குரங்குக் குல்லா போட்டிருந்தானாம், நானும் போட்டிருந்தேனாம். ஏன் மேடம், மார்கழில இந்தப் பக்கம் ரிட்டையர் ஆன எவன் தலைல குல்லா இல்ல? அந்தக் கணக்குக்குப் பொத்தேரி வரைக்கும் அத்தன கிழவனையும் லாரி வெச்சு அள்ளிருக்கணும்.

– அந்த பாயின்ட் நமக்கு ஸ்ட்ராங். ஏன் கைது பண்றோம், எங்க கொண்டு போறோம்னு சொல்லல. ராத்திரி முழுக்க ஸ்டேஷன்ல வெச்சாங்க. உங்க போட்டோவ செயின் திருடன்னு ஏரியா வாட்ஸப் குரூப்புல போட்டாங்க. நெஜத் திருடன் சிக்கினதும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. எல்லாம் சரி. ஆனா, மானம் போச்சுன்னு நஷ்டஈடு கேக்குறோமே, அங்கதான் இடிக்குது.

– போகலயா பின்ன?

– டீக்கடை டீக்கடையா நின்னு நீங்கதான் சிரிச்சுச் சிரிச்சு இந்தக் கதையச் சொல்றீங்களே. எவனோ அத வீடியோ எடுத்துப் போட்டு, நாவலூர் வரைக்கும் ஃபேமஸ் ஆயிட்டீங்க. பொங்கல் விழாவுல குடியிருப்போர் சங்கத்துல சால்வை போத்திருக்காங்க. இவருக்கு மானம் போகல, ஏறித்தான் இருக்குன்னு எதிர்த்தரப்புல எழுதியே குடுத்துட்டாங்க சார்.

– எலக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டுன காலம் பூரா ஒருத்தனும் ஒரு துண்டு கூடப் போத்தல மேடம். ஸ்டேஷன்ல குந்த வெச்சாத்தான் நம்ம ஊர்ல மரியாதை.

– சிரிக்காதீங்க. ஏரிக்கரை மளிகைக் கடை கேமரா பதிவு அவங்க கையில கிடைச்சிருக்கு. அதுல ஜீப்பு இல்லன்னு சொல்றாங்க. வேனும் இல்லயாம்.

– கேமரா வேற பக்கம் திரும்பிகினு இருந்திருக்கும்.

– ஏங்க, போதும்.

– அம்மணி, நீ போய் மேடத்துக்குக் காபி எடுத்துனு வா.

– காபி அவங்க எதிர்லயே ஆறிப் போய்க் கீது. வக்கீலம்மா, நான் சொல்றேன். அன்னிக்குப் பால் வாங்கிகினு அந்தக் கடை வாசல்லதான் நின்னுகினு இருந்தேன். ஜீப்பும் வரல, வேனும் வரல. ஒரே ஒரு போலீஸ்காரப் பையன், பைக்ல வந்தான்.

– நீ அங்க இருந்தியா?

– இருந்தேன். மீசை கூட ஒழுங்கா முளைக்கல அவனுக்கு. 'ஏர்றா'ன்னான். நீங்க குல்லாவக் கழட்டிட்டு, 'சரிங்க சார்'னு கையக் கட்டினு பின்னாடி ஏறிக் குந்துனீங்க. என்னத் தாண்டிதான் வண்டி போச்சு. தல குனிஞ்சிகினு போனீங்க.

– இத்தன நாள் ஏன் சொல்லல?

– நீங்க சிரிச்சுகினு இருந்தீங்களே.

– சார், இதத்தான் நாளைக்குக் கூண்டுல சொல்லணும். இதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். எவ்வளவு பெரிய அவமானம் இது. இதப் போய் மறைச்சுட்டு, ஏன் சார் ஒரு பட்டாளத்தயே கூட்டிட்டு வந்தீங்க?

– மூணு ஜீப்பு வந்திருந்தா, நான் கையக் கட்டுனதுல அவமானமே இல்லையே, மேடம்.