தூங்கும் புலிக்குத் தோளில் பழுது

ஜூலை பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி இருபது நிமிடம். அரங்கில் நூற்று எண்பத்து நான்கு பேர். அவர்களில் என் கட்சிக்கு இரண்டு பேர். அதில் ஒருவன் நான். கணக்கைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே மரியாதை.

நாக்கில் தராசு வைத்திருக்கும் நடுவர் அவர்களே, நரை கண்டும் நாற்காலி விடாத குத்துச்சண்டைக் கழக நிர்வாகிகளே, பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுப் பஞ்சும் பிளாஸ்திரியும் பையில் சுமக்கும் தாய்மார்களே, எதிரணி அன்பர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் முன்னாள் சாம்பியன் 'இடி' அண்ணன் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பு என்ன? 'இடி அண்ணனின் புகழ் தகுதிக்கு மீறியதா?' மீறியது என்று பேச வந்திருக்கிறேன். அதற்குள் பின்வரிசையில் ஒரு குரல்: "எறங்குடா கீழ!" இறங்குவேன் ஐயா, பேசிவிட்டு இறங்குவேன். ஏறினால் இறங்காமலே இருக்க நான் என்ன கழகச் செயலாளரா?

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் என்ன முழங்கினார்? "அவர் தாழ்த்தியது கையை அல்ல, எதிரியின் கர்வத்தை!" அடடா! தட்டினீர்கள். மறுபடி சொல்லச் சொன்னீர்கள். சொன்னார். மறுபடி தட்டினீர்கள். தட்டுவதற்கு உங்களுக்கு இரண்டு கை வேண்டும். தற்காப்புக்கு மட்டும் ஒன்று போதுமா?

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குத்துச்சண்டையில் இரண்டு கைகளும் கன்னத்தருகே காவல் நிற்க வேண்டும். இடி அண்ணனின் இடக்கையோ இடுப்பருகே தொங்கும். அதற்கு இந்தக் கழகம் சூட்டிய திருநாமம் 'தூங்கும் புலி'. இங்கே சேருகிற எல்லோரும் அப்படித்தான் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அணியில் இடமில்லை.

அப்படி நின்றவள்தான் மூன்றாம் வரிசையில் இருக்கும் என் தங்கை. என் கட்சியின் இரண்டாவது ஆள். அவள் புருவத்தைப் பாருங்கள், தையல் தெரியும். போன மாதப் போட்டியில் புலி தூங்கிக்கொண்டிருந்தபோது எதிராளியின் வலக்கை வந்து எழுப்பிவிட்டுப் போனது. அடுத்த மாதம் மறுபடி போட்டி. "கையத் தூக்கிக்கிறேனே மாஸ்டர்" என்று கெஞ்சினாள். பயிற்சியாளர் சொன்ன பதில்: "அடி விழுந்தது பாணியால இல்லம்மா. உனக்கு நம்பிக்கை பத்தல." தையல் போட்ட டாக்டருக்கு இந்த வைத்தியம் தெரியவில்லை, பாவம்!

நான் ஆலையில் இயந்திரக் கைகளைப் பராமரிக்கும் பொறியாளன். ஒரு கை பாதியில் நின்றால் நாங்கள் அதைப் பாணி என்று பாராட்டுவதில்லை. பழுது என்று எழுதி மாட்டுவோம். அந்தப் புத்தியோடு அண்ணனின் பழைய சண்டைகளை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். முதல் ஏழு சண்டைகளில் இடக்கை எங்கே? கன்னத்தில்! எட்டாவதில் கயிற்றின்மேல் இடத்தோள் மடங்க விழுகிறார். ஒன்பதாவதில் கை எங்கே? இடுப்பில்! பத்தாவதில்? இடுப்பில்! ஓய்வு பெறும்வரை? இடுப்பில், இடுப்பில், இடுப்பில்! இடையில் பிறந்தது புலியா? வலியா?

சற்றுமுன் அவருக்குக் கழகத்தின் கோட்டு ஒன்றை அணிவித்தீர்களே, அந்த இடக்கையை இருவர் தாங்கிப் பிடித்துத்தான் உள்ளே நுழைத்தார்கள். எல்லோரும் படம் எடுத்தீர்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

கத்தாதீர்கள். "பெரிய மனுசன அசிங்கப்படுத்தாத" என்கிறீர்கள். சரி, அவரிடமே கேட்போம். அண்ணே, இடக்கையைத் தோளுக்குமேல் தூக்க முடியுமா?

மைக் இல்லாமல் பேசினார்; பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஒரு சொல் மாற்றாமல் சொல்கிறேன்: "எட்டாவது சண்டையிலயே தோள் போச்சு தம்பி. தூக்க முடியலன்னு தெரிஞ்சா அந்தப் பக்கமாவே அடிப்பானுங்க. அதான் வேணும்னே தொங்கவிட்ட மாதிரி சிரிச்சேன். இவங்க புலின்னாங்க. புலின்னு கூப்பிட்டா, இல்ல பூனைதான்னு எவன்பா சொல்லுவான்?"

கேட்டீர்களா? இப்போது ஏன் கைதட்டவில்லை?

நடுவர் அவர்களே, அளந்ததை நான் மறைக்க மாட்டேன். ஒற்றைக் கையோடு, வலியை உறுமலாக்கி, வந்தவனையெல்லாம் ஏமாற்றி வென்றாரே, அந்தத் திறமை மிகையல்ல. மிகையானது மரபு! காயத்தைக் கலையாக்கிய மரபு! கேட்டவனைத் துரோகியாக்கிய மரபு! அவர் வாயை மூடிக்கொண்டார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அடி மட்டும் என் தங்கைக்கு!

மாஸ்டர், கடைசிக் கேள்வி. அடுத்த மாதம் அவள் கையைத் தூக்கலாமா? என்ன? உரக்கச் சொல்லுங்கள். "அண்ணனே சொன்னாலும் பாணி பாணிதான்." அற்புதம்! புலியே எழுந்து 'நான் புலி இல்லை' என்கிறது. கூண்டுக்காரர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்!

நடுவர் மணியை அடித்துவிட்டார். பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் கத்தியவர்களுக்கும் நன்றி. உங்களால்தான் எனக்குத் தொண்டை திறந்தது. எல்லோருக்கும் வணக்கம். இனி நான் செய்யப்போவது:

1. மேடையைவிட்டு இறங்கியதும், தங்கையின் கையுறைகளை இங்குள்ள அலமாரியிலிருந்து எடுப்பேன்.

2. நாளைக் காலை அவளை எதிர்த்தெருக் கழகத்தில் சேர்ப்பேன். அங்கே இரண்டு கையையும் தூக்கலாமாம், விசாரித்துவிட்டேன். அடுத்த மாதம் அவள் தோற்றாலும் தோற்கட்டும், முகம் முழுசாக வீட்டுக்கு வரும்.

3. இடி அண்ணன் சம்மதித்தால், நாளை மாலை அவரை ஒரு தோள் மருத்துவரிடம் அழைத்துப் போவேன். இத்தனை வருடமாக அந்தக் கையைக் கும்பிட்டீர்கள். 'வலிக்குதாண்ணே?' என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.